கையில வசதி இருந்தும் கிரெடிட் கார்டு கடனை வேணும்னே கட்டாம விட்டா என்ன ஆகும்?

கேள்வி: இரவுப்பறவை

எல்லாருக்கும் வணக்கம். மூணு கிரெடிட் கார்டுல சேர்த்து எனக்கு கிட்டத்தட்ட ஆறு மாச சம்பளம் அளவுக்கு பாக்கி நிக்குது. ரெண்டு வருஷமா மினிமம் ட்யூ மட்டும் கட்டிட்டு வரேன், அசல் நகரவே இல்ல. வட்டியா கட்டினதை கூட்டிப் பார்த்தா வாங்குன தொகைக்கு கிட்டத்தட்ட சமமா வருது, அதைப் பார்த்ததுலேருந்து மனசு கொதிக்குது.

வேலை இருக்கு, சம்பளம் ஒழுங்கா வருது, டெபாசிட்ல கொஞ்சம் பணமும் கிடக்கு, அது பாக்கியில பாதிக்கு மேல வரும். அதனால கட்டவே முடியாதுன்னு சொல்ல மாட்டேன், இறுக்கிப் பிடிச்சா கட்டிடலாம்.

ஆனா கூட வேலை பாக்குற ஒருத்தர் விடாம சொல்லிட்டே இருக்கார், எதுக்குய்யா கட்டுற, கார்டு கடனுக்கு அடமானமே கிடையாது, அவனால வீட்டையோ நகையையோ தொட முடியாது, ஒரு ஆறு மாசம் போனை எடுக்காம இரு, அவனே வந்து முப்பது பர்சென்ட் குடுத்தா போதும்னு நிப்பான், அதுவும் வேணாம்னா மூணு வருஷம் போனா கடனே காலாவதின்னு. நிறைய வீடியோவுலயும் இதே பேச்சுதான் ஓடுது.

நிஜமாவே இப்படி பண்ணா என்ன ஆகும்? ஜெயில் வரைக்கும் போகுமா? வீட்டு ஆளுங்களை தொந்தரவு பண்ணுவாங்களா? வீட்டுல இன்னும் யாருக்கும் சொல்லல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பதில்: பழைய டெலிகாலர்

நண்பா, நான் சில வருஷம் ஒரு பேங்குக்காக வசூல் பிரிவுல போன் பேசுற வேலை பார்த்தவன். அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கறவன் கண்ணுக்கு நீங்க எப்படித் தெரிவீங்கன்னு சொல்றேன், அதை உங்க ஆபீஸ் நண்பர்கிட்டயும் சொல்லுங்க.

ட்யூ தேதி தாண்டின முதல் முப்பது நாள் ஒரு பக்கெட், அதாவது ஒரு பிரிவு, 31லேருந்து 60 ரெண்டாவது பக்கெட், 61லேருந்து 90 மூணாவது. முதல் பக்கெட்ல பேசுறவங்க மரியாதையாத்தான் பேசுவாங்க, சார் மறந்துட்டீங்களா, இன்னிக்கு கட்டிடுறீங்களான்னு. பக்கெட் மாற மாற ஃபைல் வேற வேற டீமுக்கு போகும், பேச்சும் மாறும். 90 நாள் தாண்டிட்டா இந்தியாவுல அது வாராக் கடன் கணக்குல போயிடும், அப்புறம் வெளி ஏஜென்சி கைக்கு போகுது, அவங்களுக்கு வசூலானாதான் கமிஷன்.

இங்க தான் முக்கியமான விஷயம். ஒவ்வொரு கால் முடிஞ்சதும் நாங்க ஒரு கோட் போடணும். இந்த தேதிக்கு கட்டுறேன்னு சொன்னா பி.டி.பி. போடுவோம். வேலை போச்சு, ஆஸ்பத்திரி செலவுன்னு சொன்னா அதை அப்படியே ரிமார்க்ஸ்ல டைப் பண்ணுவோம். கட்ட மாட்டேன், என்ன பண்ணுவியோ பண்ணிக்கோன்னு சொன்னாலோ போனை எடுக்காமலே இழுத்தடிச்சாலோ ஆர்.டி.பி., அதாவது கட்ட மறுக்கிறார். அந்த மூணு எழுத்து விழுந்த ஃபைலை எங்க மேனேஜர் பார்க்கற பார்வையே வேற. முடியாதவருக்கு கொஞ்சம் டைம் குடு, தவணை போட்டுக் குடுன்னு சொல்ற அதே மனுஷன் ஆர்.டி.பி. ஃபைலைப் பார்த்தா லீகலுக்கு அனுப்புன்னு சொல்வார்.

முடியலயா மாட்டேங்கறாரான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்னு நீங்க நினைக்கலாம். உங்க கிரெடிட் ரிப்போர்ட், அதாவது எந்தெந்த லோனை எப்படி கட்டிட்டு வரீங்கங்கற பதிவு, அவங்க கையில இருக்கு. மத்த லோன் எல்லாம் தேதி தவறாம போகுது, இந்த கார்டு மட்டும் நிக்குதுன்னா அது ஒரு பார்வையிலயே தெரிஞ்சிடும். சம்பள அக்கவுண்ட்டும் அதே பேங்க்ல இருந்துட்டா மாசாமாசம் சம்பளம் விழறதும் தெரியும். கடைசி ஸ்டேட்மெண்ட்ல என்னென்ன வாங்குனீங்கன்னு வரி வரியா இருக்கும். அப்படி இருக்கும்போது எதுக்கு முப்பது பர்சென்ட்டுக்கு இறங்கி வரப் போறாங்க? தள்ளுபடின்னு அவங்க குடுக்கறது பரிதாபத்துல இல்ல, இந்த ஆள்கிட்டேருந்து இவ்வளவுதான் தேறும்னு போடுற கணக்கு அது. வேலையும் டெபாசிட்டும் இருக்கற ஆளுக்கு அந்தக் கணக்குல பெரிய தள்ளுபடி வராது.

டெபாசிட் அதே பேங்க்ல இருந்தா இன்னும் ஒரு ஆபத்து. நீங்க கார்டு வாங்கும்போது கையெழுத்து போட்ட ஒப்பந்தத்துல, பாக்கி வச்சா எங்ககிட்ட இருக்கற உங்க பணத்துலேருந்து எடுத்துப்போம்னு பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். திடீர்னு ஒரு நாள் அக்கவுண்ட்ல பணம் இருந்தும் எடுக்க முடியாம ஹோல்டு போட்டிருப்பாங்க.

அப்புறம் வட்டி. மாசம் 3.5 பர்சென்ட்னா சின்னதா தெரியும். ஒரு லட்சம் பாக்கியை தொடாம விட்டா, வட்டி மேல வட்டி ஏறி ஒரு வருஷத்துல 1,51,000, ரெண்டு வருஷத்துல 2,28,000, மூணு வருஷத்துல 3,45,000. இதுல லேட் ஃபீஸும் வரியும் சேர்க்கல. செட்டில்மெண்ட்ல, அதாவது ஒரு பகுதியை மட்டும் வாங்கிக்கிட்டு கணக்கை முடிக்கறதுல, பாதி தள்ளுபடின்னு சொல்றப்ப எந்த தொகையில பாதின்னு பார்க்கணும். ரெண்டு வருஷம் கழிச்சு பாதி தள்ளுபடி வாங்கினாலும் நீங்க இன்னிக்கு கட்ட வேண்டியதை விட அதிகமாத்தான் கட்டுவீங்க.

பதில்: கருப்பு மை

ஏன் பாஸ் இப்படி பயமுறுத்துறீங்க. என் சித்தப்பா பையன் ஒரு கார்டை கட்டாமலே விட்டான், ஒரு வருஷம் கால் வந்துச்சு, நம்பர் மாத்திட்டான், அதோட சரி. கேஸ் எதுவும் வரல, ஜெயில் எதுவும் இல்ல. மினிமம் ட்யூன்னு ஒன்னை வச்சு மனுஷனை வருஷக்கணக்கா உறிஞ்சறது மட்டும் நியாயமா? இவர் வாங்குன தொகைக்கு கிட்டத்தட்ட சமமா வட்டி கட்டிட்டார், இதுக்கு மேல எதுக்கு கட்டணும்னுதான் எனக்கும் தோணுது.

பதில்: சிவில் பக்கம்

கருப்பு மை, உங்க கோவம் எனக்குப் புரியுது, அந்த வட்டி விகிதம் கொடுமைதான். 2008ல தேசிய நுகர்வோர் ஆணையம் கார்டு வட்டி வருஷத்துக்கு 30 பர்சென்ட்டுக்கு மேல போனா அது நியாயமில்லாத வணிக நடைமுறைன்னு ஒரு தீர்ப்பு குடுத்துச்சு. 2024 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணிடுச்சு. அதனால வட்டி அதிகம்ங்கற ஒரே வாதத்தை வச்சு இன்னிக்கு கோர்ட்ல நிக்கறது கஷ்டம். நியாயம் இருக்கறது வேற, அதை வச்சு ஜெயிக்க முடியறது வேற.

இரவுப்பறவை, நீங்க எந்த நாட்டுல இருக்கீங்கன்னு சொல்லல. நான் சிவில் வழக்குகள்ல வேலை பார்க்கறவன், எனக்குத் தெரிஞ்சது இந்தியச் சட்டம், அதை வச்சு சொல்றேன்.

ஜெயில் விஷயம். கடனைக் கட்ட முடியலங்கற ஒரே காரணத்துக்காக யாரையும் சிறையில போடக்கூடாதுன்னு 1966ல ஐ.நா. ஏத்துக்கிட்ட குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையோட 11வது பிரிவு சொல்லுது. அதை எடுத்துக்காட்டி 1980ல பேங்க் ஆஃப் கொச்சின் சம்பந்தப்பட்ட வழக்குல நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் ரொம்ப மனிதாபிமானமான ஒரு தீர்ப்பு எழுதினார், ஏழ்மை குற்றம் இல்லைங்கறதுதான் அதோட சாரம். வீடியோ போடுறவங்க இந்தப் பாதியை மட்டும் சொல்வாங்க. அதே தீர்ப்போட அடுத்த பாதி, வசதி இருந்தும் கெட்ட எண்ணத்தோட கட்ட மறுக்கறவனுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாதுங்கறது. சிவில் நடைமுறைச் சட்டம் 51வது பிரிவும் அப்படித்தான். டிகிரி, அதாவது பணத்தைக் கட்டணும்னு கோர்ட் தீர்ப்பு, ஆன பிறகு, பணம் இருந்தும் கட்டாம இருக்கார்னு கோர்ட்டுக்கு திருப்தியானா மூணு மாசம் வரைக்கும் சிவில் சிறை வைக்கலாம், பெண்களை மட்டும் பண டிகிரிக்காக அப்படி கைது பண்ண முடியாது. சிறைக்குப் போயிட்டு வந்தாலும் கடன் தீராது, அது அப்படியே நிக்கும். கார்டு கடன் அந்த அளவுக்குப் போறது அபூர்வம்தான், நான் அதை மறைக்க விரும்பல. ஆனா "முடியல"ன்னு சொல்றவருக்கு சட்டம் குடுக்கற குடை, "மாட்டேன்"னு சொல்றவர் தலைக்கு மேல இல்ல. உங்க கேள்வியில நீங்களே இறுக்கிப் பிடிச்சா கட்டிடலாம்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த ஒரு வரிதான் உங்களை எந்தப் பக்கம் நிறுத்துதுன்னு யோசிங்க.

கிரிமினல் கேஸ் வருமான்னா, வெறும் பாக்கிக்கு வராது. வாங்கும்போதே திருப்பித் தரக்கூடாதுங்கற எண்ணம் இருந்துச்சுன்னு காட்டினாதான் மோசடி, முன்னாடி இந்திய தண்டனைச் சட்டத்துல 420, இப்ப 2024 ஜூலைலேருந்து அதுக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல 318வது பிரிவு. பொய்யான சம்பளச் சான்று குடுத்து கார்டு வாங்கியிருந்தாலோ, இனிமே கட்டப் போறதில்லைன்னு முடிவு பண்ணிட்டு கடைசி வாரத்துல லிமிட் முழுக்க தேய்ச்சு நகையும் போனும் வாங்கியிருந்தாலோ அந்த வாதத்துக்கு நாமளே ஆதாரம் எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடும். சில பேர் இதையே ஐடியாவா சொல்றாங்க, தயவுசெஞ்சு அந்தப் பக்கமே போகாதீங்க.

இன்னொன்னு, ஏஜெண்டுங்க சில பேர் உன்னை வில்ஃபுல் டிஃபால்டர்னு, அதாவது வசதி இருந்தும் வேணும்னே கட்டாதவர்னு, போட்டுடுவோம்னு மிரட்டுவாங்க. ஆர்பிஐ விதிப்படி அந்தப் பட்டம் 25 லட்சமும் அதுக்கு மேலயும் இருக்கற பாக்கிக்குத்தான். சின்ன கார்டு பாக்கிக்கு அதைச் சொல்லி மிரட்டினா பயப்பட வேணாம்.

மூணு வருஷ காலாவதிக் கதைக்கு வரேன். 1963 காலவரையறைச் சட்டப்படி கடனுக்கு வழக்கு போட மூணு வருஷம்தான், அது உண்மை. அந்த மூணு வருஷத்துக்குள்ள கடன் இருக்குன்னு எழுத்துல ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டீங்கன்னா அன்னிலேருந்து மறுபடி மூணு வருஷம் ஓட ஆரம்பிக்கும். செட்டில்மெண்ட் பேச்சுவார்த்தையில நீட்டற பேப்பர் நிறைய அப்படிப்பட்டதுதான். அதை விடுங்க, பேங்க் மூணு வருஷம் முடியறதுக்குள்ள கேஸ் போட்டு டிகிரி வாங்கிட்டா அதை நிறைவேத்த 12 வருஷம் டைம் இருக்கு. அந்த 12 வருஷத்துல உங்க சம்பளம் வளரும், ஒரு மனை வாங்குவீங்க, எது வந்தாலும் அது மேல கை வைக்கலாம். சம்பளத்துல முதல் ஆயிரமும் மிச்சத்துல மூணுல ரெண்டு பங்கும் தொட முடியாது, பாக்கி மூணுல ஒரு பங்கை ஜப்தி பண்ணலாம். கோர்ட் உத்தரவு நேரா உங்க ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்குத்தான் வரும். அடமானம் இல்லைங்கறதுக்கு அர்த்தம், கோர்ட்டுக்குப் போகாம பேங்க் எதையும் எடுக்க முடியாதுங்கறது மட்டும்தான்.

கேஸே போடாம மூணு வருஷம் கடந்தாலும் கடன் செத்துப் போறதில்ல. கோர்ட் கதவு மட்டும்தான் மூடுது, பேங்க் கேக்கறதும் ரிப்போர்ட்ல பாக்கின்னு நிக்கறதும் தொடரும். ரைட் ஆஃப் பண்ணிட்டாங்கன்னு சந்தோஷப்படறவங்களும் இருக்காங்க, அது இந்தக் கடன் வராதுன்னு பேங்க் தன்னோட கணக்குப் புத்தகத்துல எழுதிக்கற விஷயம், உங்களுக்குக் குடுத்த மன்னிப்பு இல்ல.

பதில்: தூரதேசம்

வெளிநாட்டுல இருக்கறவங்களும் இதைப் படிப்பாங்கன்னு எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு சேர்க்கறேன்.

அமெரிக்காவுல 180 நாள் கட்டலேன்னா பேங்க் அந்த பாக்கியை சார்ஜ் ஆஃப் பண்ணிடும், அதாவது வராத கடன்னு கணக்குல எழுதிடும், பெரும்பாலும் பழைய பாக்கிகளை விலைக்கு வாங்கற கம்பெனிக்கு வித்துடும், அவங்க கேஸ் போடுவாங்க. நோட்டீஸைக் கண்டுக்காம கோர்ட்டுக்குப் போகாம இருந்தா ஒருதலையா தீர்ப்பு ஆயிடும், அப்புறம் சம்பளத்துல பிடிப்பாங்க, ஃபெடரல் சட்டப்படி கைக்கு வர்ற சம்பளத்துல 25 பர்சென்ட் வரைக்கும். தகவல் கிரெடிட் ரிப்போர்ட்ல ஏழு வருஷம் நிக்கும். செட்டில்மெண்ட்ல 600 டாலருக்கு மேல தள்ளுபடி ஆனா பொதுவா அதை வருமானமா கணக்கு காட்டி வரி கேப்பாங்க, இது நிறைய பேருக்குத் தெரியாது. திவால் போட்டு தப்பிச்சுடலாம்னு நினைக்கறவங்களுக்கு, திவாலுக்கு முந்தின 90 நாள்ல கார்டுல வாங்கின ஆடம்பரப் பொருள் ஒரு அளவைத் தாண்டினா அது ஏமாத்தி வாங்கினதுன்னே சட்டம் எடுத்துக்கும், இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது நாமதான்.

பிரிட்டன்ல டிஃபால்ட் ஆறு வருஷம் ரிப்போர்ட்ல இருக்கும், இங்கிலாந்துல வழக்கு போடறதுக்கும் ஆறு வருஷம். ஸ்காட்லாந்துல மட்டும் அஞ்சு வருஷம், அங்க கடனே அழிஞ்சு போகுது. சிங்கப்பூர்ல 15,000 டாலரும் அதுக்கு மேலயும் பாக்கி இருந்தா கடன் குடுத்தவரே உங்களை திவாலாக்கச் சொல்லி மனு போட முடியும், திவாலாயிட்டா அனுமதி வாங்காம நாட்டை விட்டு வெளிய போக முடியாது. வளைகுடாவுல சில நாட்டுல கடனுக்காக பயணத் தடையே வாங்க முடியும், ஏர்போர்ட்ல இமிக்ரேஷன் கவுண்டர்ல நிக்கும்போதுதான் அது தெரிய வரும். விட்டுட்டு ஊருக்குப் போயிடலாம்னு கணக்குப் போடறவங்க இதை மனசுல வச்சுக்கங்க.

பதில்: தோட்டக்காரி

தம்பி, சட்டம் எல்லாம் மேல சொல்லிட்டாங்க, நான் செட்டில்மெண்ட் முடிஞ்சப்புறம் என்ன ஆகுதுன்னு சொல்றேன். என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு கார்டை செட்டில் பண்ணியிருக்கார், பாதி தொகை கட்டி முடிச்சாச்சு, அத்தோட மறந்துட்டார். வருஷங்கள் கழிச்சு ரெண்டு பேரும் சேர்ந்து வீட்டுக் கடனுக்கு போனோம். அந்த ஆபீசர் அம்மா ஸ்கிரீனை எங்க பக்கம் திருப்பி காட்டினாங்க. பத்து பதினஞ்சு வரி, எல்லாத்துக்கும் நேர க்ளோஸ்டு, க்ளோஸ்டுன்னு இருக்கு, ஒரே ஒரு வரிக்கு மட்டும் செட்டில்டுன்னு போட்டு பக்கத்துல கட்டாம விட்ட தொகை அப்படியே இருக்கு. ஸ்கோர் மோசமில்ல மேடம், ஆனா இந்த வார்த்தை இருந்தா மேல அனுப்பவே மாட்டாங்கன்னு சொன்னாங்க. என் பேர்ல ஒரு ரூபா பாக்கி கிடையாது, ஆனா கூட்டு விண்ணப்பம்ங்கறதால அதுவும் நின்னு போச்சு.

சரி மிச்சத்தைக் கட்டி க்ளோஸ்டுன்னு மாத்திக்கலாம்னு போனா, பேங்க் அந்தக் கணக்கை எப்பவோ வேற ஒரு கம்பெனிக்கு வித்துட்டாங்க. இவங்க அவங்களைக் கேளுங்கங்கறாங்க, அவங்க எங்ககிட்ட பழைய லெட்டர் இருந்தா குடுங்கங்கறாங்க. இவர்கிட்ட அந்த செட்டில்மெண்ட் லெட்டரும் இல்ல, பணம் கட்டின ரசீதும் இல்ல. பழைய பேங்க் ஸ்டேட்மெண்ட்டை தேடி எடுத்து, மிச்சத்தையும் கட்டி, நோ ட்யூஸ் சர்டிஃபிகேட் வாங்கி, ரிப்போர்ட்ல மாறி வர்றதுக்குள்ள நாங்க பார்த்து வச்ச வீடு வேற ஆளுக்கு போயிடுச்சு. அவருக்கு அன்னிக்கு நிஜமாவே வேலை இல்லாத காலம், கட்ட வழி இல்ல, அதனால செட்டில் பண்ணார், அவரை நான் குறை சொல்லவே மாட்டேன். வழி இருக்கற நீங்க எதுக்கு தம்பி அந்த வார்த்தையை தானா போய் வாங்கிக்கணும்?

வீட்டு ஆளுங்களை தொந்தரவு பண்ணுவாங்களான்னு கேட்டீங்க. பண்ணக்கூடாதுன்னு விதி இருக்கு. காலைல எட்டு மணிக்கு முன்னாடியும் ராத்திரி ஏழு மணிக்கு மேலயும் கூப்பிடக்கூடாது, சொந்தக்காரங்க முன்னாடி அவமானப்படுத்தக்கூடாதுன்னு ஆர்பிஐ 2022ல தெளிவா சொல்லியிருக்கு. ஆனா விண்ணப்பத்துல ரெஃபரன்ஸ்னு யார் நம்பரை எழுதினீங்களோ அவங்களுக்கு போன் போகத்தான் செய்யுது. மனைவியோ அப்பாவோ ஜாமீன் கையெழுத்து போடாத வரைக்கும் அவங்க கட்ட வேண்டிய பொறுப்பு கிடையாது, அதை அவங்களுக்குத் தெரிய வைங்க. முதல்ல உங்க வாயால வீட்டுல சொல்லுங்க, வேற எவனோ போன்ல சொல்லி அவங்க தெரிஞ்சுக்க வேணாம்.

பதில்: கருப்பு மை

அக்கா சொன்னதைப் படிச்சப்புறம் சித்தப்பா பையன்கிட்ட ரிப்போர்ட் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். பாக்கி பல மடங்கு ஏறி ரைட் ஆஃப்னு போட்டிருக்கு. அவன் இப்ப ஒரு வண்டி லோனுக்கு அலைஞ்சுட்டு இருக்கான், ஒரு கம்பெனிதான் தரேன்னு சொல்லுது, அதுவும் மத்தவங்களுக்குக் குடுக்கறதை விட ரொம்ப அதிக வட்டியில. நான் மேல சொன்ன அதோட சரிங்கறதை வாபஸ் வாங்கிக்கறேன். வட்டி பத்தி சொன்னதுல மட்டும் மாத்தம் இல்ல.

பதில்: இரவுப்பறவை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி வீட்டுல உட்கார்ந்து சொல்லிட்டேன். கோவம் வந்துச்சு, அழுகை வந்துச்சு, அப்புறம் ரெண்டு பேருமா மூணு ஸ்டேட்மெண்ட்டையும் டேபிள்ல பரப்பி வச்சுப் பார்த்தோம். கட்டிடறதுன்னு முடிவு பண்ணிட்டேன். ஆனா முழுசா ஒரே தடவையில முடியாது. டெபாசிட்டை உடைச்சா ரெண்டு கார்டு முடியும், மூணாவது, அதுதான் பெருசு, நிக்கும். டெபாசிட்டை உடைக்க மனசு வரல, அவசரத்துக்குன்னு வச்சது. எப்படி ஆரம்பிக்கட்டும்?

பதில்: பழைய டெலிகாலர்

ரொம்ப சந்தோஷம் நண்பா, வீட்டுல சொன்னதே பாதி பாரம் இறங்கின மாதிரி.

டெபாசிட் உங்களுக்கு ஒத்தை இலக்க வட்டி தருது, கார்டு வருஷத்துக்கு 42 பர்சென்ட் வாங்குது. அவசரத்துக்குன்னு ரெண்டு மாச செலவுக்கு மட்டும் விட்டு வச்சுட்டு மிச்சத்தை உடைங்க, எந்த கார்டுல வட்டி அதிகமோ அதுல போடுங்க. ரெண்டும் ஒரே வட்டின்னா சின்னதை முதல்ல முடிங்க.

இன்னிலேருந்து மூணு கார்டுலயும் புதுசா ஒன்னும் தேய்க்காதீங்க, பெட்ரோல் கூட. பாக்கி நிக்கற கார்டுல புதுசா வாங்கற பொருளுக்கு வட்டியில்லாத நாள்னு ஒன்னு கிடையாது, வாங்கின தேதியிலேருந்தே வட்டி ஏறும். ஸ்டேட்மெண்ட்ல வட்டின்னு இருக்கற வரியையும் மினிமம் ட்யூவையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. மினிமம் ட்யூ அஞ்சு பர்சென்ட், வட்டி மூணரைன்னா நீங்க கட்டற நூறு ரூபாயில எழுபது ரூபா வட்டிக்கே போகுது, வரி வேற. முப்பதுக்கும் குறைவாத்தான் அசல்ல கழியுது, அதுவும் புதுசா தேய்ச்சா காணாமப் போயிடும். ரெண்டு வருஷமா அசல் நகராததுக்கு காரணம் அதுதான்.

பெரிய கார்டுக்கு, தவறுறதுக்கு முன்னாடியே பேங்குக்கு எழுதுங்க, தவறின பிறகு எழுதாதீங்க. முழு பாக்கியையும் குறைஞ்ச வட்டியில ஈ.எம்.ஐ.யா மாத்தித் தாங்கன்னு கேளுங்க, கார்டை பிளாக் பண்ணிக்கவும் சம்மதம்னு சேர்த்து எழுதுங்க. கணக்கு ஒழுங்கா இருக்கறவங்களுக்கு இதை குடுப்பாங்க, 60 நாள் தாண்டின பிறகு அதே பேங்க் அதே ஆளுக்கு மூஞ்சி குடுக்காது. போன்ல பேசினா போதும்னு விடாதீங்க, மெயில் போடுங்க. பேங்க் ஒத்து வரலேன்னா பர்சனல் லோன் வாங்கி கார்டை அடைக்கலாம், அந்த வட்டி கார்டு வட்டியை விட நிறைய குறைவு. ஆனா அடைச்ச கார்டை அன்னிக்கே க்ளோஸ் பண்ணி, எழுத்துல வாங்கிடுங்க. லோனும் எடுத்து கார்டையும் மறுபடி தேய்ச்சு ரெண்டு பக்கமும் மாட்டிக்கிட்டவங்களோட நான் நிறைய போன் பேசியிருக்கேன்.

பதில்: இரவுப்பறவை

சரி அண்ணா, இன்னிக்கே மெயில் போடறேன். கடைசியா ஒன்னு, ரெண்டு கார்டு பாக்கிக்கு ஆட்டோ டெபிட் போட்டு வச்சிருக்கேன். டெபாசிட் பணம் கைக்கு வர ஒரு வாரம் ஆகலாம், அதுக்குள்ள டெபிட் தேதி வந்துடும், அக்கவுண்ட்ல அவ்வளவு இருக்காது. அப்படியே விட்டா பவுன்ஸ் ஆகி தானா நிக்கும்தானே, அப்புறம் நானே கட்டிக்கலாமா?

பதில்: சிவில் பக்கம்

அப்படியே விடாதீங்க. செக் திரும்பினா எப்படி மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138வது பிரிவுல வழக்கு வருதோ அதே மாதிரி, ஆட்டோ டெபிட் பணமில்லாம திரும்பினாலும் 2007 பணப் பரிவர்த்தனை முறைமைச் சட்டம் 25வது பிரிவுல வழக்கு போட இடம் இருக்கு, ரெண்டு வருஷம் வரைக்கும் சிறையோ, தொகையைப் போல ரெண்டு மடங்கு அபராதமோ. ஒரு தடவை திரும்பினதும் ஓடி வந்து போட மாட்டாங்க, நோட்டீஸ் குடுத்து, கட்ட டைம் குடுத்து, அப்புறம்தான். ஆனாலும் வெறும் பாக்கியில இல்லாத கிரிமினல் வாசல் இதுல இருக்கு.

டெபிட் தேதிக்கு சில நாள் முன்னாடியே நெட் பேங்கிங்ல அந்த மேண்டேட்டை, அதாவது தானா பணம் எடுக்க நீங்க குடுத்த அனுமதியை, முழுத் தொகையிலேருந்து மினிமம் ட்யூவுக்கு மாத்துங்க, மாத்த முடியலேன்னா கேன்சல் பண்ணிட்டு அதே நாள் மினிமம் ட்யூவை கையால கட்டிடுங்க. இந்த மாசம் மட்டும் மினிமம் போனா பரவாயில்ல, ரிப்போர்ட்ல தவறினதா விழாது. கேன்சல் பண்ணது ஏன்னு ரெண்டு வரி கார்டு பேங்குக்கு மெயில் அனுப்பிடுங்க, டெபாசிட் பணம் இந்த தேதி வருது, அன்னிக்கு முழுசா கட்டறேன்னு. செட்டில்மெண்ட்னு சொல்லி யாராவது தொகை எழுதாம கையெழுத்து மட்டும் போட்ட செக் கேட்டா மட்டும் குடுக்காதீங்க. ஈ.எம்.ஐ. ஒத்துக்கிட்டாங்கன்னா அந்த லெட்டர்ல மொத்தத் தொகை, வட்டி, கடைசித் தவணை தேதி மூணும் இருக்கான்னு பார்த்துட்டு அப்புறம் கையெழுத்து போடுங்க.